பழைய சின்னக் கார் மக்கர் செய்கிறதா? பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என் முதல் செகண்ட் ஹேண்ட் காரில் நான் வீணடித்த பணத்தில் பெரும்பகுதி, கெட்டுப்போகாத பாகங்களை மாற்றியதில்தான் போனது. காலையில் செல்ஃப் எடுக்காது, மத்தியானம் எடுக்கும். முதலில் பார்த்தவர் பேட்டரி என்றார், மாற்றினேன். பத்து நாளில் மறுபடி அதே கதை. அடுத்தவர் செல்ஃப் மோட்டாரையே கழற்றி வேறு போட்டார். அது ஒரு மாதம் தாங்கியது. மூன்றாமவர் எதையும் கழற்றவில்லை. "எப்போ எடுக்க மாட்டேங்குது? லைட்டு மங்குதா? டக்குனு ஒரு சத்தமா, பல சத்தமா?" என்று கேட்டுவிட்டு, பாடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயரின் முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். விற்கும் வரை அந்தத் தொல்லை திரும்பி வரவில்லை.

அதனால் இந்த வழிமுறையைப் பாகவாரியாக எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, காலுக்குப் படுவது என்று அறிகுறிவாரியாகவே போகிறேன். எந்த அறிகுறி வந்தாலும் முதலில் மூன்று விஷயங்களைக் கவனித்து வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா? வண்டியின் வேகத்தோடு கூடுகிறதா, எஞ்சின் ரேஸோடு கூடுகிறதா? பிரேக், கிளட்ச், ஸ்டீயரிங் இவற்றில் எதைத் தொட்டால் மாறுகிறது? இவற்றுக்குப் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டயர் பிரஷர் கேஜ், ஒரு டார்ச், வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்களைப் படிக்க, போனோடு இணையும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் இருந்தால் போதும். கீழே சொல்வது பெரும்பாலும் முன்சக்கர இழுவை கொண்ட சின்ன பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது ஒரே கோளாறு இல்லை, குறைந்தது மூன்று. சத்தத்தைக் கேளுங்கள்.

டக்டக்டக் என்று வேகமாகப் பல சத்தம் வந்து டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் மின்சாரம் போதவில்லை. வண்டி சில மணி நேரம் சும்மா நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த சார்ஜ். 12.2 என்றால் சுமார் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிற்கும்போது 12.6 காட்டுவதால் மட்டும் பேட்டரி நல்லது என்று ஆகாது. செல்ஃப் அடிக்கும்போது அளவு 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு உள்ளே பலம் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆன பேட்டரி என்றால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எஞ்சின் ஓடும்போது அதே டெர்மினல்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் அதன் பெல்ட்டும் சந்தேகத்துக்கு உரியவை. புது பேட்டரியை வாங்கி மாட்டினாலும் அது இரண்டு நாளில் காலியாகும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் பேட்டரி மாற்றுவதுதான் மிகச் சாதாரணமான வீண் செலவு.

ஒரே ஒரு 'டக்', விளக்குகள் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டு, அல்லது எர்த். மோட்டாரைக் கழற்றும் முன் ஒரு சோதனை: ஜம்ப் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. மீட்டர் வைத்தும் பார்க்கலாம். எஞ்சின் இரும்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சரியில்லை. என் வண்டியில் யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு பேட்டரியும் ஒரு மோட்டாரும் மிஞ்சியிருக்கும்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் கதையே வேறு. பேட்டரியை மறந்துவிடுங்கள். இக்னிஷனை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் பல வண்டிகளில் கேட்கும். உங்கள் வண்டியில் தினமும் கேட்கும் அந்தச் சத்தம் இன்றைக்கு இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபைலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஆறியிருக்கும்போது எடுத்து, நன்றாகச் சூடானதும் ஓட்டத்திலேயே அணைந்து, அரை மணி நேரம் ஆறியதும் மறுபடி எடுத்தால் எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க்ஷாஃப்ட் சென்சார் மேல் முதல் சந்தேகம் போகட்டும். சின்னப் பாகம்தான், ஆனால் நடுச்சாலையில் நிறுத்திவிடும். பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் எடுக்கச் சிரமப்பட்டால் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது, ஆனால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலம் என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. வண்டியைப் பூட்டி, கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறங்க அரை மணி நேரம் விட்டு, நெகட்டிவ் ஒயரில் மீட்டரைத் தொடராக வைத்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ அந்த வழிதான். அனுபவத்தில் சொன்னால், முந்தைய உரிமையாளர் வெளியில் மாட்டிய பாட்டுப்பெட்டியிலிருந்து தேடத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எஞ்சின் உதறுகிறது, பிக்கப் இல்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம். மின்னி மின்னி எரிந்தால் காலை ரேஸிலிருந்து எடுங்கள். எஞ்சின் மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டெரிக்கிறது என்று அர்த்தம். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயிலில் முடிய வேண்டிய செலவு, வண்டியின் மிக விலை உயர்ந்த பாகங்களில் ஒன்றுக்குத் தாவிவிடும்.

ஸ்கேனரில் பி0300 என்ற கோளாறு எண் (இதைத்தான் 'கோடு' என்கிறேன்) வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். இரண்டாம் சிலிண்டர் என்று காட்டுகிறதா? அதன் இக்னிஷன் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றி, கோடை அழித்து ஓட்டுங்கள். கோடு மூன்றுக்கு மாறினால் காயில் போச்சு. மாறவில்லையென்றால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதுவும் மாறவில்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போக வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயில்களையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம். பிளக்குகள் கடைசியாக எப்போது மாறின என்ற விவரமே இல்லாத வண்டி என்றால் முதலில் அவற்றை மாற்றிவிடுவது நல்லது. சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை, இரிடியம் 1,00,000 வரை போகும்.

பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இங்கே பலர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். சென்சார் செய்தி சொல்பவர், செய்தியின் காரணம் அவர் இல்லை. ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறது என்ற அளவைப் பாருங்கள். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, ரேஸைக் கூட்டி 2,500 சுற்றில் பிடித்தால் இறங்குகிறதா? எங்கோ வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறது. மாறாக, மேட்டில் இழுக்கும்போது மோசமாகிறதா? பெட்ரோல் பம்ப் அழுத்தம் போதவில்லை.

கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தால் புதியது வாங்க ஓட வேண்டாம். சைலன்சர் குழாயில் கசிவு, பழைய மிஸ்ஸிங் கோளாறு, ஆயில் எரிதல் இவற்றை ஒழுங்குபடுத்திவிட்டு மறுபடி பாருங்கள். அடிப்படைக் கோளாறு இருக்கும்போது புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் சாகும்.

கோடு எதுவும் இல்லை, ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் அடங்கிவிடுகிறது என்றால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்க, எஞ்சின் குதிக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம். ஐடிலிங் ஏறி இறங்கினால் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், சுத்தம் செய்தாலே போதும்.

வண்டி வாங்கப் போகும் இடத்திலும் ஸ்கேனர் பேசும். கோடு ஒன்றும் இல்லை, ஆனால் வண்டிக் கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் பலவும் 'முடியவில்லை' என்று காட்டினால் சமீபத்தில் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

சூடு முள் மேலே போகிறது

பழைய காரைக் குப்பையில் சேர்ப்பதில் இதற்கு நிகர் வேறில்லை. முள் சிவப்பைத் தொட்டும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வையுங்கள். அது ஒரு குட்டி ரேடியேட்டர் போல எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், மூடியின் அழுத்தத்தோடு சேர்த்து, 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி என்பது சும்மா ஒரு மூடி இல்லை. அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலே சூடு ஏறும். முதலில் மாற்ற வேண்டிய மலிவான பாகமும் அதுதான்.

ஆறிய பின் கேள்விக்கு வருவோம். நெரிசலில் மட்டும் ஏறி, சாலையில் வேகம் எடுத்தால் இறங்குகிறதா? அப்படியானால் ஃபேன். ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் மோட்டார் நலம். வெப்ப சென்சார் பக்கம் தேடுங்கள். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார். மாறாக, நெரிசலில் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டருக்குள் அடைப்பு, அல்லது வாட்டர் பம்ப் தள்ளவில்லை. எஞ்சின் சூடானபோதும் ரேடியேட்டரின் ஒரு ஹோஸ் கொதித்து மறு ஹோஸ் ஆறியே இருந்தால் சூடானதும் கூலண்ட் வழியைத் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது. ஏற்கனவே சிவப்பில் நிற்கும் வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம்.

முள் ஏறியது, பிறகு திடீரென்று விழுந்துவிட்டது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். கூலண்ட் முழுவதும் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம்.

கூலண்ட் மாதாமாதம் குறைகிறது, தரையில் சொட்டும் இல்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. காரின் உள்ளே இனிப்பு வாடை, முன் கால்விரிப்பில் ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போன்ற புகை என்றால் ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோர். அது இல்லையென்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுவது, கூலண்ட் டப்பாவில் நிற்காமல் குமிழி வருவது, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் போல வெளுத்திருப்பது இவையெல்லாம் அதன் சாட்சிகள். ஆனால் ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை தெரிந்தால், தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் தேங்கும் ஈரமாகவும் இருக்கலாம். சந்தேகம் தீர ஒரு வேதிச் சோதனை உண்டு: கூலண்ட் மேலிருக்கும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக இழுத்தால், எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றும் முன் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேஸ்கெட் மலிவானது, அதை மாற்றக் கழற்றும் கூலியும் ஹெட்டைச் சமன் செய்யும் செலவும்தான் மலை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு: முள் எப்போதும் பாதிக்குக் கீழேயே கிடக்கிறது, ஹீட்டர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை, மைலேஜ் குறைகிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. ஸ்கேனர் பி0128 காட்டும்.

கூலண்ட் நிறத்தை நம்பி ஊற்ற வேண்டாம். நிறம் ஒரு சாயம், அவ்வளவே. வண்டிக் கையேட்டில் இருக்கும் வகையைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வருடக்கணக்கில் ஊற்றப்பட்ட வண்டியில் உப்பும் துருவும் ரேடியேட்டரை அடைத்திருக்கும்.

புகையும் ஆயிலும்

ஆறிய எஞ்சினில் முதல் சில நிமிடம் வெள்ளையாக ஆவி வந்து மறைவது வெறும் ஈரம். சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில், அதிலும் நேரம் முக்கியம். இரவு நிறுத்திக் காலையில் எடுத்ததும் ஒரு குபுக், பிறகு இல்லை என்றால் வால்வு சீல், பொறுத்துக்கொண்டு ஓட்டலாம். ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங். அதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். அது அடைத்தாலும் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், சீல்கள் வழியே கசியவும் செய்யும். ரிங் வேலைக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும், பிசிவி வால்வைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தால் போதும்.

பல சின்ன எஞ்சின்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால் ரிப்பேர் பேச்சு எடுக்கலாம். ஐந்தாயிரத்துக்கு ஒரு லிட்டர் என்றால் வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டு போங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அப்போதே, அங்கேயே நிறுத்த வேண்டும். ஓரம் கிடைத்தவுடன் எஞ்சினை அணையுங்கள். இதில் விவாதத்துக்கு இடம் இல்லை.

பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு அறிகுறியே கிடையாது. நேற்று வரை சத்தமில்லாமல் ஓடும், இன்று அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். கையேடு சொல்லும் கிலோமீட்டர் அல்லது வருடம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுங்கள். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். செயின் உள்ள எஞ்சின் என்றால் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நொடி கலகலவென்று சத்தம் வருவது, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் முதல் முறையீடு.

பிரேக்

கீச் என்ற மெல்லிய சத்தம் பெரும்பாலும் பேடில் வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடு. புதிய பேட் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன், மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும். கீச் போய் கரகர என்று இரும்பு உரசும் சத்தமானால் டிஸ்கையும் சேர்த்து வாங்கப் போகிறீர்கள்.

பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்கின் தடிமன் ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் ஒன்று சிக்குகிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு வீலின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் சிக்குகிறது.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் காற்று, அல்லது பழைய பிரேக் ஆயில். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதே தர அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்தப் பயம் இல்லை. சிக்னலில் அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லை என்றால், பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர். இந்த இரண்டுக்கும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" கிடையாது.

கிளட்சும் கியரும்

மேட்டில் நான்காவது கியரில் முழு ரேஸ் கொடுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. பெடலை அழுத்தினால் சத்தம் வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். விட்டால் வந்து அழுத்தினால் நின்றால் கியர்பாக்ஸின் உள் பேரிங். அது வேறு செலவு. எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர் வெண்ணெய் போல விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கேபிள் அல்லது ஹைட்ராலிக்கைப் பாருங்கள்.

கிளட்ச் மாற்றும்போது டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்கின் பின் ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சீல் சில்லறைக் காசு. பிறகு அதற்காகவே கியர்பாக்ஸை மறுபடி இறக்கினால் கூலி முழுசு. சிவிடி (படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் என்றால் அதன் ஆயில் எப்போது மாறியது என்பதுதான் முதல் கேள்வி. "வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. யாருடைய வாழ்நாள் என்று அதில் சொல்லவில்லை.

அடியிலிருந்து வரும் சத்தங்கள்

ஸ்டீயரிங்கை முழுக்க வளைத்து மெதுவாக நகரும்போது டக்டக்டக் வந்தால், முன் வீலைச் சுற்றும் ஆக்ஸிலின் மூட்டான வெளி சிவி ஜாயின்ட். நேராகப் போகும்போது ரேஸ் கொடுத்தால் மட்டும் அதிர்வு வந்தால் உள் ஜாயின்ட். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே தொடக்கம்தான்: கிழிந்த ரப்பர் பூட். கிரீஸ் வெளியே தெறித்து மண் உள்ளே போகிறது. சத்தம் வருவதற்கு முன் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மட்டும்.

வேகத்தோடு கூடும் 'ஊஊ' என்ற ரீங்காரம் வீல் பேரிங்காக இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். காலியான, நீண்ட வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங். எடை அந்தப் பக்கம் சாய்கிறது. வளைவில் மாற்றமே இல்லை, ஆனால் சாலையின் பரப்பு மாறினால் சத்தம் மாறுகிறது என்றால் டயர். வீலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் முனை.

சின்னச் சின்னக் குழிகளில் டொக்டொக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராட். இது மலிவான வேலை. பிரேக் போடும் நொடியில் ஒரே ஒரு 'டொம்' என்றால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டிங். 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங்.

மின் ஸ்டீயரிங் திடீரென்று கனத்து விளக்கும் எரிந்தால், மோட்டார் விலை கேட்பதற்கு முன் பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். வோல்ட் குறைந்தால் முதலில் முறைத்துக்கொள்வது மின் ஸ்டீயரிங்தான்.

டயர் தேய்ந்த விதமும் பேசும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் அதிகம், ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். விற்பவர் "புது டயர்" என்றால் குனிந்து அந்த எண்ணைப் படியுங்கள்.

வண்டி ஓடும்போது மட்டும் ஏசி குளிர்ந்து, வண்டி நின்றால் சூடான காற்று அடித்தால் கண்டென்சர் ஃபேன். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர். வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டியிருந்தால் கசிவை அடைக்காமல் ஏற்றுகிறார்கள்.

செலவுக் கணக்கு

பழைய காரின் செலவில் பெட்ரோல் கண்ணுக்குத் தெரிவதில்லை, ரிப்பேர் பில்தான் உறுத்தும். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 800 லிட்டர், 12 கொடுத்தால் 1,000 லிட்டர். அந்த 200 லிட்டருக்கு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பெருக்குங்கள். சிக்கும் காலிப்பர், திறந்து கிடக்கும் தெர்மோஸ்டாட், காற்றிறங்கிய டயர் எல்லாம் இதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

வாங்கிய முதல் வருடத்துக்கு என்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். எஞ்சின் ஆயிலும் ஃபில்டர்களும், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், பிளக், பெல்ட்டுகள், ஆதாரம் இல்லையென்றால் டைமிங் பெல்ட்டும். பழையவர் என்ன செய்தார் என்ற யூகம் இதோடு முடிந்து, கணக்கு உங்கள் கையிலிருந்து தொடங்கும். இந்தத் தொகையை வாங்கும் விலையோடு கூட்டிப் பார்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

வேலைகளைக் கூலிக்கு ஏற்பக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது அடுத்தது. டைமிங் பெல்ட்டோடு டென்ஷனர், அந்த பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதுவும், முன் ஆயில் சீலும். ஷாக் அப்சார்பரோடு மேல் மவுண்டிங், அதன் பிறகு அலைன்மென்ட். எங்கே உள்ளே போகக் கூலி அதிகமோ அங்கே நல்ல பாகம் போடுங்கள். வெளியிலிருந்து பத்து நிமிடத்தில் மாறும் பாகத்துக்கு நல்ல மாற்றுத் தயாரிப்பே போதும். கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றைப் பிரித்த வண்டியிலிருந்து எடுக்கலாம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அப்படி வேண்டாம்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: தேதி, கிலோமீட்டர், அறிகுறி, என்ன செய்தோம், பாகம், கூலி. அறிகுறிக்கும் தீர்வுக்கும் தனித்தனிப் பத்தி. தீர்வு எழுதிய பிறகும் அறிகுறி திரும்பி வந்தால் அந்த வரியில் ஒரு சுழி. என் முதல் காரின் நோட்டில் முதல் இரண்டு வரியுமே சுழிதான்.

"வண்டி விலையைவிட ரிப்பேர் அதிகம், தள்ளிவிடு" என்பார்கள். இந்த ஒப்பீடு எனக்குச் சரியாகப் படவில்லை. கிளட்ச் போட்டால் விற்கும் விலை கூடாது, உண்மைதான். ஆனால் விற்றுவிட்டு வாங்கும் இன்னொரு பழைய காரிலும் ஒரு கிளட்ச் தேய்ந்துகொண்டுதான் இருக்கும், அதன் வரலாறும் உங்களுக்குத் தெரியாது. அடுத்த 12 மாதம் இதை வைத்திருக்க என்ன ஆகும், இன்னொன்றுக்கு மாறி அதை வைத்திருக்க என்ன ஆகும் என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே நேரத்தில் கை விரித்தால் ஒழிய, பெரும்பாலும் பழையதே ஜெயிக்கும்.

துரு மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், பானெட்டுக்குள் ஸ்ட்ரட் நிற்கும் மேடை, சப்ஃபிரேம் பிடிக்கும் இடம் இந்த நான்கையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் சரி. சப்பென்று கேட்டாலோ பெயிண்ட் செதிலாக உதிர்ந்தாலோ, முனையால் ஒரு அழுத்து. உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் வாங்க வேண்டாம்.